ஒரே ஒரு நீலக் கட்டை

கட்டை நீலமாகிக்கொண்டிருந்தது.

மேசைமேல் ஆறு துண்டுகள் வரிசையாகக் கிடந்தன. ஆறிலும் உளியால் மேல்தோலைச் சீவி, சோதனை நீரைத் தெளித்துவிட்டு, முத்துச்செல்வி சுவர்க் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்று நிமிடத்தில் ஐந்து துண்டுகள் சமர்த்தாகச் சிவந்துவிட்டன. ஆறாவதின் ஓரத்தில் மட்டும், சட்டைப்பையில் பேனா கசிந்ததுபோல ஒரு கருநீலப் புள்ளி தோன்றி, அவள் பார்க்கப் பார்க்கப் பரவியது.

"போச்சு" என்றாள்.

"நிலவன் லோடா?" என்று அடுத்த அறையிலிருந்து குரல் வந்தது. தரக்கட்டுப்பாட்டு மேலாளர் சங்கரநாராயணன்.

"பார்க்காமலே எப்படி சார் கண்டுபிடிச்சீங்க?"

"மத்தவன் லோடுல நீலம் வந்தா 'சார்'னு கத்துவே. நிலவன் லோடுல வந்தா 'போச்சு'ம்பே."

முத்துச்செல்வி அந்தக் கட்டையைத் திருப்பிப் போட்டு, அந்தப் பக்கமாவது சிவக்குமா என்று பார்த்தாள். அந்தப் பக்கம் இன்னும் நீலம்.

ஒரகடத்தைச் சுற்றி இருக்கிற கார் கம்பெனிகளுக்கெல்லாம் கடல் தாண்டி உதிரிபாகங்கள் வருகின்றன. அவை வருகிற மரப்பெட்டியும், அடியில் வைக்கிற பேலட் என்கிற மரச்சட்டமும் உடைந்தபின் இந்தத் தொழிற்சாலைக்கு வரும். இங்கே அரைத்துச் சில்லாக்கி, அழுத்திப் பலகையாக்கி, குழந்தைகளுக்கான மேசை நாற்காலி செய்கிற ஒரு கம்பெனிக்கு அனுப்புவார்கள். வருகிற மரம் எல்லாம் நல்ல மரம் என்றால் முத்துச்செல்விக்கு வேலை ஏது? சில மரங்களில் கரையான் அரிக்காமலிருக்கச் செம்பும் பாஷாணமும் ஏற்றியிருப்பார்கள். பழைய மரத்தை வாங்கிப் பிரித்து அனுப்புகிற யார்டுகளில் அதற்கு 'மருந்துக் கட்டை' என்று பெயர். அதில் ஒன்று அரைவையில் விழுந்தால் அன்றைய சில்லு முழுக்கக் குப்பைக்குத்தான். செம்பு இருந்தால் சோதனை நீர் நீலமாகும். இல்லாவிட்டால் சிவப்பாகவே நிற்கும். சிவப்பு நல்லது, நீலம் கெட்டது. இதை வாயில்காவலர் மணிகண்டபிரபுவுக்குப் புரியவைக்கவே அவளுக்கு ஆறு மாதம் பிடித்தது.

ஆறும் சிவந்துவிட்டால் மாடியிலேயே சீட்டில் கையெழுத்துப் போட்டுக் கீழே அனுப்பிவிடலாம். ஒன்று நீலமானாலும் போச்சு. லாரியைத் தகரக் கொட்டகைக்குக் கொண்டுபோய், சப்ளையரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு கட்டையாகச் சீவித் தெளித்துப் பார்க்க வேண்டும். மூன்று மணி நேரத்துக்குக் குறையாது. தகரத்துக்கு அடியில் வெயில் வேறு. ஹாஸ்டலில் இதைப் பற்றிப் புலம்பாத நாளில்லை. ஆனால், நிலவன் லோடுக்குக் கீழே இறங்கும்போது மட்டும் ஆய்வகத்துக் கண்ணாடிக் கதவு முன்னால் அவள் ஒரு நொடி நிற்பாள். பொட்டு நேராக இருக்கிறதா என்று பார்ப்பாள்.

"ஒரு நிமிஷம் நில்லும்மா" என்றார் சங்கரநாராயணன். கையில் ஒரு தாள். "இந்த மாசத்துலேருந்து புது ரூல். மூணு மாசத்துக்குள்ள மூணு நீலம். மூணாவதோட சப்ளையர் அவுட். கஸ்டமர் பிரஷர்."

"அப்ப இது..."

"ஒண்ணு."

"அவர்கிட்ட சொல்லிடட்டுமா சார்?"

"மூச்சு விடக்கூடாது! ரூல் தெரிஞ்சா நீலத்தை அடியில ஒளிச்சுக் கொண்டாருவானுங்க. தெரியாம இருந்தாத்தான் எவன் யோக்கியன்னு நமக்குத் தெரியும்."

முத்துச்செல்வி படியிறங்கினாள். பொட்டு நேராகத்தான் இருந்தது. மனசு இல்லை.

நிலவன் மண்ணூர்க்காரன். முப்பது தாண்டியிருக்கும். காதில் செருகிய பென்சிலோடு, செய்யாத தப்புக்கும் மன்னிப்புக் கேட்கிற முகத்தோடு லாரிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தான். லாரிமேல் ராஜம்மா. அவனுடைய யார்டில் ஆணி பிடுங்குகிற ஏழு பெண்களுக்கு அவள்தான் தலைவி. லோடோடு வந்து, மேலிருந்து மாதிரிக் கட்டைகளை எடுத்துப் போடுவதும் அவள்தான்.

"வணக்கம் மேடம். மறுபடியுமா?"

"மறுபடியும்தான். என்ன நிலவன் இது? கொஞ்சம் பார்த்து எடுத்துட்டு வரக்கூடாதா?"

"பாத்துக்கினுதான் மேடம் ஏத்தறோம். எப்டியோ ஒண்ணு பூந்துடுது."

"கட்டைக்குக் காலா இருக்கு?"

"இந்தக் கட்டைக்கி கீதும்மா" என்று லாரி மேலிருந்து ராஜம்மா சொன்னாள். நிலவன் அண்ணாந்து அவளை முறைத்தான்.

மூன்று மணி நேரம். அவன் கட்டையைத் திருப்புவான், அவள் தெளிப்பாள். நடுவில் இரண்டு டீ. கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து இங்கே வந்து நாலு வருஷமாகியும் இந்த ஊர் சாம்பாரில் ஏன் இனிப்பு என்று அவளுக்குப் புரியவில்லை. அவனுக்கோ, அவள் பேச்சில் வருகிற "என்னத்தச் சொல்ல" ரொம்பப் பிடித்திருந்தது. அடிக்கடி சொல்லிக் காட்டுவான். அன்றைக்கும் சொன்னான். அவளால் சிரிக்க முடியவில்லை. இன்னும் இரண்டு நீலம்தான் என்று உள்ளே ஒரு குரல் கேட்டுக்கொண்டே இருந்தது.

இவன் போய்விட்டால் ராஜம்மாவும் அந்த ஏழு பெண்களும் என்ன ஆவார்கள் என்று அவள் கவலைப்பட்டாள். அது பொய்யில்லை. ஆனால் முழு உண்மையும் அதுவல்ல. இவன் போய்விட்டால் இந்தக் கொட்டகைக்கு அவள் எதற்காக இறங்கி வர வேண்டும்? மற்ற சப்ளையர்கள் வருகிறார்கள், போகிறார்கள். யாரும் அவள் தண்ணீர் குடித்தாளா என்று கேட்பதில்லை.

ரூலைச் சொல்ல முடியாது. ஆனால் கட்டையை அடையாளம் காணக் கற்றுக்கொடுக்கக் கூடாது என்று எந்த ரூலும் சொல்லவில்லையே!

அந்த ஞாயிற்றுக்கிழமை அறைத்தோழிகள் எல்லாரும் தாம்பரம் போய்விட்டார்கள். இவள் கட்டிலில் உட்கார்ந்து படம் ஒட்டினாள். மருந்துக் கட்டைகளின் ஒன்பது புகைப்படங்கள். ஒவ்வொன்றின் கீழும் குண்டு குண்டு எழுத்தில் குறிப்பு. வெட்டின முனையில் பச்சைச் சாயல் இருக்கும். கத்தியால் கீறினதுபோல் வரிசையாகக் கோடுகள் இருக்கும். அளவுக்கு மீறிக் கனக்கும். ஜெராக்ஸ் கடையில் லேமினேட் செய்து, அடுத்த லோடு வந்தபோது எடை மேடைக்கே போய்க் கொடுத்தாள்.

நிலவன் அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டான். "நீங்களே எழுதினீங்களா மேடம்?"

"பின்ன? படிச்சுப் பார்த்து மனசுல ஏத்திக்கோங்க."

"ஏத்திக்கினேன் மேடம்" என்றான். இன்னும் படிக்கவே ஆரம்பிக்கவில்லை.

அன்றைய லோடு சுத்தம். ஆறும் சிவப்பு. அவள் மாடியிலேயே கையெழுத்துப் போட்டாள். அவனுடைய எண் சப்ளையர் பட்டியலில் இருந்து அவள் கைப்பேசிக்கு எப்போதோ வந்திருந்தது. 'சிவப்பு! வாழ்த்துகள்!' என்று அனுப்பினாள். 'ம்' என்று பதில் வந்தது. ஆம்பளைகளுக்குச் சந்தோஷத்தைக்கூடச் சிக்கனமாகத்தான் காட்டத் தெரியும் என்று நினைத்துக்கொண்டாள்.

அடுத்த லோடில் நீலம் வந்தது.

அவள் தடதடவென்று இறங்கி ஓடினாள். கட்டையை அவன் மூக்குக்கு நேரே நீட்டினாள். "இதைப் பாருங்க. முனையில பச்சை. வரிசையாக் கோடு. கல்லு மாதிரி கனம். நான் குடுத்த அட்டையில மூணாவது படம் இதேதான்!"

நிலவன் கட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "அச்சு அசலா அதே மேடம். சூப்பரா போட்டோ எட்த்துக்கீறீங்க."

"அட்டை எங்க?"

"ஆபீஸ் ரூம்ல மாட்டிக்கீறேன்."

"சாமி படத்துக்குப் பக்கத்துல" என்றாள் ராஜம்மா. "வெள்ளிக்கெயமையானா பூ வெக்கிறாரு."

முத்துச்செல்விக்குக் கோபத்தில் அழுகை வந்தது. இரண்டு. இன்னும் ஒன்றுதான். இத்தனை தெளிவாகச் சொல்லியும், பூ வைக்கிற அளவுக்குப் பக்தியாகப் படித்தும், இந்த மனிதனுக்கு ஏன் பச்சை தெரியவில்லை?

பச்சை தெரியவில்லை!

கல்லூரியில் படித்தது நினைவுக்கு வந்தது. சில ஆண்களுக்குச் சிவப்பும் பச்சையும் பிரித்துத் தெரியாதாம். ஐயோ, இது தெரியாமல் ஒரு வருஷமாக இவனைத் திட்டிக்கொண்டிருக்கிறோமே!

முதலுதவி அறை நர்ஸிடம், புள்ளிகளுக்குள் எண்கள் ஒளிந்திருக்கிற அந்தப் புத்தகத்தைக் கெஞ்சி வாங்கிக்கொண்டு வந்தாள். கொட்டகையில் கவிழ்த்துப்போட்ட பெட்டிமேல் நிலவனை உட்காரவைத்தாள்.

"இது என்ன எண்?"

"பன்னெண்டு."

"இது?"

"எட்டு. இன்னா மேடம் இது, சின்னப் புள்ளைங்க பொஸ்தகமா?"

"கண்ணு டெஸ்ட். சரியாத் தெரியலைன்னா இன்னும் ரெண்டு மூணு தடவை உட்கார வெச்சுப் பார்க்கணும். இது என்ன?"

நிலவன் புத்தகத்தைப் பார்த்தான். அவள் முகத்தைப் பார்த்தான். மறுபடி புத்தகத்தைப் பார்த்தான்.

"தெரியலீங்க."

"இது?"

"சுத்தமா தெரியலீங்க."

முத்துச்செல்வியின் கண் கலங்கிவிட்டது. "இத்தனை நாள் ஏன் சொல்லல? சரி, இதுக்கெல்லாம் வெட்கப்படக் கூடாது. கோடிப் பேருக்கு இருக்கு."

ராஜம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு லாரிக்கு அந்தப் பக்கம் போய்விட்டாள். பாவம், அவளுக்கும் தாங்கவில்லை போல என்று முத்துச்செல்வி நினைத்தாள்.

கண் ஏமாற்றினால் சோதனை நீர் ஏமாற்றாது. நிலவனுக்கு நிறம் தெரியாவிட்டால் என்ன, ராஜம்மாவுக்குத் தெரியுமே! மறுநாள் ஆய்வகத்திலிருந்து அரை லிட்டர் சோதனை நீரைத் தலைமுடிக்குத் தெளிக்கிற காலி பாட்டிலில் ஊற்றினாள். அதை வெளியே கொண்டுபோவது குற்றம் என்று தெரியும். ஒரு நல்ல காரியத்துக்குத்தானே என்று கைப்பையில் போட்டுக்கொண்டு சாயங்காலம் வாயிலைக் கடந்தாள். கடந்திருப்பாள். மணிகண்டபிரபு பையைத் திறக்கச் சொன்னான்.

"இன்னா மேடம் இது?"

"முடிக்கு அடிக்கிறது."

"வாசனையா இருக்குமா?" என்று கேட்டுக்கொண்டே அவன் தன் மணிக்கட்டில் இரண்டு தடவை தெளித்து முகர்ந்து பார்த்தான்.

மணிக்கட்டில் அவன் செம்புக் காப்பு போட்டிருந்தான். திருப்பதியில் வாங்கியது. வருஷக்கணக்கில் கழற்றாதது.

"மேடம்..." என்றான் மணிகண்டபிரபு. காப்பைச் சுற்றித் தோல் கருநீலமாகிக்கொண்டிருந்தது. "மேடம், கை நீலமாவுது மேடம்!"

"ஒண்ணும் இல்ல, கழுவினா போயிடும்..."

"நீலம்னா கெட்டதுன்னு நீங்கதான மேடம் சொன்னீங்க! ஐயோ, எனக்கு இன்னா ஆவுது!" என்று கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அவன் முதலுதவி அறைக்கு ஓடினான். ஷிப்ட் முடிந்து பஸ்ஸுக்கு நின்றிருந்த அறுபது பேரும் பின்னாலேயே ஓடினார்கள்.

மறுநாள் காலை சங்கரநாராயணன் அவள் மேசைமேல் ஒரு மெமோவை வைத்தார்.

"யாருக்கும்மா கொண்டுபோனே? பொய் சொல்லாதே."

சொன்னாள்.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கெட்டவர் இல்லை. அவருக்கும் காஞ்சிபுரத்தில் கல்லூரி போகிற பெண் இருக்கிறாள். "உன் வேலைக்கு வேட்டு வைக்கிற காரியம் இது. நான் இதோட விட்டுடறேன். ஆனா இனிமே நிலவன் லோடுல நீலம் வந்தா நீ கீழ போக வேணாம். நானே போறேன். ரூலைப் பத்தி அவன்கிட்ட ஒரு வார்த்தை போச்சுன்னு தெரிஞ்சா, அப்புறம் என்னால காப்பாத்த முடியாது."

அன்று மதியம் சாப்பாட்டு நேரத்தில் முத்துச்செல்வி கைப்பேசியை எடுத்தாள். 'இன்னும் ஒரு நீலம் வந்தால் உங்களை எடுத்துடுவாங்க' என்று தட்டினாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். ஊரில் அப்பாவின் முழங்கால், தம்பியின் கடைசி வருஷப் படிப்பு, எல்லாம் அந்த ஒரு வரிக்குப் பின்னால் வந்து நின்றன. எழுத்து எழுத்தாக அழித்தாள்.

வேறு வழி ஒன்றுதான் இருந்தது. லோடு கிளம்புவதற்கு முன்னால் அவளே போய்ப் பார்த்துவிடுவது.

அரைநாள் அனுமதி சொல்லிவிட்டு, காலை ஆறு மணிக்கு மண்ணூர் யார்டில் போய் நின்றாள். துப்பட்டாவை இடுப்பில் இழுத்துக் கட்டிக்கொண்டு, கையில் உளி. சோதனை நீர் இல்லை. ஆனால் நாலு வருஷம் கட்டையோடு பழகிய கண் இருந்தது. லுங்கியோடு பல் விளக்கிக்கொண்டிருந்த நிலவன் பிரஷ்ஷை விழுங்காத குறை.

"மேடம்! நீங்க இங்க..."

"ஒவ்வொரு கட்டையா எடுத்துக் குடுங்க. நான் பார்க்காம ஒண்ணும் லாரியில ஏறக்கூடாது."

ராஜம்மாவும் மற்றப் பெண்களும் ஆணி பிடுங்குவதை விட்டுவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். இவள் முனையைச் சீவினாள், வெளிச்சத்தில் பிடித்தாள், கனம் பார்த்தாள், முகர்ந்தாள், உதட்டுக்குள் எண்ணினாள். நூற்று நாற்பது. நூற்று நாற்பத்தொன்று.

நிலவன் கட்டையை எடுத்துக் கொடுத்துக்கொண்டே இருந்தான். இடையில் லுங்கியை மாற்றிக்கொண்டு வந்தான். தலை வாரிக்கொண்டு வந்தான். ஒரு டம்ளர் டீயை ஆற்றிக் கொடுத்துவிட்டு, "மேடம், ஒரு விசயம் சொல்லணும்னு..." என்று ஆரம்பித்தான்.

"இப்ப எதுவும் பேசாதீங்க. எண்ணிக்கை மாறிடும்."

"இல்ல, ரொம்ப நாளா..."

"நிலவன்! நூத்தி எழுபத்தி ரெண்டு."

அவன் வாயை மூடிக்கொண்டான். சுற்றி நின்ற ஏழு பெண்களையும் ஒரு தடவை பார்த்துக்கொண்டான்.

ஒன்பது மணிக்கு முடிந்தது. இருநூற்றுப் பன்னிரண்டு கட்டை. ஒன்றில்கூடப் பச்சை இல்லை. கோடு இல்லை. முத்துச்செல்விக்குச் சந்தோஷத்தில் உட்காரக்கூடத் தோன்றவில்லை. "எல்லாம் சுத்தம்! இதுக்கு மேலயும் நீலம் வந்தா உங்களுக்கு யாரோ குழி பறிக்கிறாங்கன்னு அர்த்தம்."

ராஜம்மாவுக்குத் திடீரென்று இருமல் வந்தது.

"அப்டி வந்துச்சுன்னா இன்னா ஆவும் மேடம்?" என்று நிலவன் கேட்டான்.

சொல்லிவிடலாம். வாயில் வந்துவிட்டது. சங்கரநாராயணன் கண்ணாடியைத் துடைத்த முகம் நினைவுக்கு வந்தது. அதுதான் எல்லாவற்றையும் பார்த்தாயிற்றே, இனிமேல் எங்கிருந்து வரப்போகிறது? எதற்கு இந்த மனுஷனைப் பயமுறுத்த வேண்டும்?

"ஒண்ணும் ஆகாது" என்றாள். "வழக்கம்போலத்தான்."

நிலவன் முகம் மலர்ந்தது. அந்த மலர்ச்சியைப் பார்த்துக்கொண்டே ஷேர் ஆட்டோவில் ஏறினாள். ஒரகடம் வருகிறவரை அது அவளோடு வந்தது.

பதினொன்றரைக்கு லோடு வந்தது. பதினொன்று நாற்பதுக்கு ஆறு துண்டுகள் மேசைக்கு வந்தன. தெளித்தாள். கடிகாரத்தைப் பார்க்கக்கூட இல்லை. ஏதோ பாட்டை முணுமுணுத்தாள்.

ஆறாவது கட்டை நீலமானது.

அவளால் 'போச்சு' என்றுகூடச் சொல்ல முடியவில்லை. அந்த மௌனத்தைக் கேட்டுத்தான் சங்கரநாராயணன் எழுந்து வந்தார். கட்டையைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். இழுப்பறையிலிருந்து படிவத்தை எடுத்து வைத்தார்.

"சோதனை பண்ணினவங்க கையெழுத்து. இங்க."

"சார், காலைல நானே... நல்லாத்தான் சார் இருந்துச்சு..."

"கட்டை நீலமா இல்லையாம்மா?"

"நீலம்."

"அப்புறம் என்ன?"

கையெழுத்துப் போட்டாள். முத்துச்செல்வி என்கிற நீண்ட பெயரை அன்றைக்கு எழுதுவதற்கு இன்னும் நீண்ட நேரம் ஆயிற்று.

சன்னலோரம் போய் நின்றாள். கீழே கொட்டகையில் நிலவன் நின்றுகொண்டிருந்தான். கடல்நிறத்தில் புதுச் சட்டை, மடிப்புக்கூடக் கலையவில்லை. அவன் மாடிப்படியையே பார்த்துக்கொண்டிருந்தான். படியில் காலடிச் சத்தம் கேட்டதும் நிமிர்ந்து, தலைமுடியைத் தடவிக்கொண்டு, ஓர் அடி முன்னால் வந்தான். இறங்கி வந்தவர் சங்கரநாராயணன்.

அவர் பேசினார். தாளைக் கொடுத்தார். நிலவன் படித்தான். மறுபடி படித்தான். எதையோ கேட்டான். அவர் தலையசைத்து மறுத்தார். அவன் ஏறெடுத்து மாடிச் சன்னலைப் பார்த்தபோது, முத்துச்செல்வி சட்டென்று பின்னால் நகர்ந்துகொண்டாள். கையெழுத்துப் போட்ட கையை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை.

கொஞ்ச நேரத்தில் லாரி கிளம்புகிற சத்தம் கேட்டது. அன்று அவன் எண்ணிலிருந்து எந்தச் செய்தியும் வரவில்லை. அதற்குப் பிறகும் வரவில்லை. அவளும் அனுப்பவில்லை. என்னவென்று அனுப்புவது? நான் உங்கள் பக்கம்தான் என்றா? அவன் கையில் இருக்கிற தாளில் அவள் பெயரல்லவா இருக்கிறது!

மூன்று மாதம் போனது. லோடுகள் வந்தன. எல்லாம் சிவப்பு. சங்கரநாராயணனுக்கு மேலிடத்திலிருந்து பாராட்டுக் கடிதம் வந்தது. முத்துச்செல்வி மாடியிலேயே உட்கார்ந்து கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தாள்.

ஒருநாள் கம்பெனி ரூல் புத்தகத்தைப் புரட்டியபோது கடைசிப் பக்கத்தில் ஒரு வரி கண்ணில் பட்டது. நீக்கப்பட்ட சப்ளையர் தொண்ணூறு நாளுக்குப் பின் மறுபடி விண்ணப்பிக்கலாம். அவள் விரல் விட்டு எண்ணினாள். தொண்ணூற்றிரண்டு.

ஞாயிற்றுக்கிழமை காலை விண்ணப்பத் தாளை உறையில் போட்டுக்கொண்டு மண்ணூர் போனாள். போகிற வழியெல்லாம் என்ன சொல்வது என்று ஒத்திகை. ரூலைச் சொல்லாமல் விட்டது தப்பு என்று முதலில் சொல்லிவிட வேண்டும். மற்றதை அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டு முடிவுசெய்யலாம்.

யார்டு வாசலில் ஏதோ பார்சல் கம்பெனியின் மஞ்சள் பலகை தொங்கியது. உள்ளே பேலட்டுகள் இருந்த இடத்தில் அட்டைப்பெட்டிகள். ராஜம்மா மட்டும் சீருடை மேல்சட்டை போட்டுக்கொண்டு கூட்டிக்கொண்டிருந்தாள்.

"அட, செல்விம்மா! இன்னாம்மா இப்டி எளைச்சிட்டே?"

"நிலவன் இல்லையா ராஜம்மா?"

"தம்பி வாலாஜாபாத்துல அக்கா வூட்டோட போயிட்ச்சும்மா. மச்சானோட ஹார்டுவேர் கடையில கீது. எடத்த இவங்களுக்கு வாடகைக்கி வுட்டுட்ச்சு. எங்களையும் வேலைக்கி சேத்து வுட்டுட்டுத்தான் போச்சு, நல்ல புள்ள."

"எப்ப வருவார்?"

ராஜம்மா துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவைத்தாள். "இனிமே எங்கம்மா வரப்போவுது? வர்ற தை மாசம் கல்யாணம். அக்கா பாத்து முடிச்ச பொண்ணு. மொதல்ல வேணாம் வேணாம்னுச்சு. அப்பறம் சரின்ட்ச்சு."

முத்துச்செல்வி உறையைத் துப்பட்டாவுக்குள் வைத்துக்கொண்டாள். சிரிக்க வேண்டிய இடம் என்று தெரிந்து, சிரித்தாள். "நல்லது" என்றாள். வேறு எதையாவது பேசியாக வேண்டும் போலிருந்தது.

"என்மேல கோவமா இருந்தாரா?"

"கோவமா? இல்லம்மா. அந்தக் காயிதத்த பாத்துட்டு வண்டியில வர்றப்போ ஒண்ணே ஒண்ணு கேட்டுச்சு. 'ஏன் ராஜம்மா, மூணு தடவதான்னு மேடம் ஒரு வார்த்த சொல்லிருக்கலாமே'ன்னுச்சு. அவ்ளோதான்."

"சொல்லியிருக்கணும். என்னத்தச் சொல்ல, தப்பு என்மேலதான். ஆனா ராஜம்மா, ஒண்ணு மட்டும் எனக்கு இன்னைக்கும் புரியல. அன்னைக்குக் காலைல இருநூத்திப் பன்னெண்டு கட்டையும் நானே பார்த்து ஏத்தினேன். அத்தனையும் சுத்தம். அந்த ஒரு நீலக் கட்டை எங்கேருந்து வந்துச்சு?"

"டிரைவர் சீட்டுக்கு அடியிலேருந்து."

"என்னது? யார் வெச்சா?"

"வேற யாரு, தம்பிதான் வெக்கும். கேட்டுல நான் எட்த்து மேல போடுவேன். ஒவ்வொண்ணையும் பூந்தமல்லி வரைக்கும் போயி, கட கடையா ஏறி எறங்கி, தேடிப் பொறுக்கிக்கினு வரும். மருந்துக் கட்டைய தம்பி மாதிரி கண்டுபுடிக்க இந்த ஜில்லாவுலயே ஆள் இல்ல."

"ஏன்?" என்றாள் முத்துச்செல்வி. "எதுக்கு ராஜம்மா?"

ராஜம்மா துடைப்பத்தை மறுபடி கையில் எடுத்தாள்.

"இத்தினி படிச்சுக்கீறே, இதுகூடவா தெரியல? நல்ல லோடா வந்தா மாடியிலியே கையெய்த்து போட்டு அனுப்பிடுவே. நீலம் வந்தாதானம்மா நீ எறங்கி வருவே?"